வழியில் சொன்னது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, என் கடை நகல் இயந்திரத்தில் உதித்தது.

லிம்பே சந்தைக்கு எதிரே இருபத்திரண்டு வருஷமாக அச்சுக்கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, தேவாலயப் பாட்டுத்தாள், சாவு அறிவிப்பு என்று பிளான்டயர் நகரத்தில் பாதிப் பேருடைய நல்லது கெட்டது என் கையால் அச்சாகிப் போயிருக்கிறது. யாரிடமும் 'இது எதற்கு?' என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பேச ஆரம்பித்துவிடுவார்கள், வேலை கெடும்.

போன மாதம், ஜூலையில், ஃபட்சானி வந்தாள். காசநோய் ஆய்வுக்குழுவில் வீடு வீடாகப் போகும் களப்பணியாளர். நாற்பத்தொரு வயது, நனைந்த காலணி, தோளில் எப்போதும் ஒரு துணிப்பை. மூன்று வருஷமாக அவர்களுடைய படிவத்தை நான்தான் அச்சடிக்கிறேன். அன்று அதில் புதிதாக ஒரு கட்டம் போடச் சொன்னாள். கேள்வி பதினான்கு, 'இந்த வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா?' அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம். தலைப்பு: 'வழியில் சொன்னது'.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவ்வளவுதான். முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இயந்திரம் ஆறிப்போனது, மூன்று வாடிக்கையாளர்கள் திரும்பிப் போனார்கள்.

"இதையெல்லாம் எங்கயும் எழுதிடாதீங்க ஐயா" என்றாள் கடைசியில்.

"சேச்சே" என்றேன்.

[இங்கே ஒரு இருமல். டோனர் தூள். மேலே போவோம்.]

2

எப்படி ஆரம்பிப்பது என்று நான்கு நாள் திண்டாடினேன். கழித்துப் போட்ட தாள்களை உங்களிடம் மறைப்பானேன்?

முதல் ஆரம்பம்: 'நிதிராண்டே மலையின் மேல் சிப்பெரோனித் தூறல் ஒரு சாம்பல் நிறப் போர்வையைப் போல மெல்ல மெல்ல இறங்கி—'

வேண்டாம். ஜூன் மாதம் தூறுவதும் குளிருவதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதற்கு ஏன் போர்வையெல்லாம்?

இரண்டாம் ஆரம்பம்: 'காசநோய் அதிகமாக இருக்கும் நாடுகளில் ஆய்வுக்கு வரும் நிதி, தேவையோடு ஒப்பிடும்போது—'

இது உண்மை. ஆனால் 'ஒப்பிடும்போது' என்ற சொல்லைப் பார்த்தவுடன் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். என் மனைவியிடம் படித்துக் காட்டினேன், அவள் எழுந்துபோய் அரிசி களைந்தாள்.

மூன்றாம் ஆரம்பம்: 'ஃபட்சானி ஒரு வீட்டுக்கு ஐம்பத்திரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டாள்.'

இது சரி. வம்பு இங்கேதான் தொடங்குகிறது.

3

ஃபட்சானி ஒரு வீட்டுக்கு ஐம்பத்திரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டாள். மற்ற களப்பணியாளர்களுக்கு இருபது போதும். ஆனால் மற்றவர்கள் பத்து இருமல்காரர்களைக் கண்டுபிடித்தால் அவள் இருபத்தைந்து பேரைக் கண்டுபிடிப்பாள். அப்படி அகப்படும் ஒவ்வொருவருக்கும் சிகிச்சை, அவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருக்கும் பிள்ளைகளுக்கு நோய் வராமல் தடுக்க மாத்திரை. அந்த மாத்திரையை வீடு தேடிக் கொடுத்தால் பலன் எவ்வளவு என்பதுதான் ஆய்வு.

அவளுடைய ரகசியம் இதுதான். வீட்டுக்குள் கேள்வி பதினான்கைக் கேட்டால் எவரும் உண்மை சொல்வதில்லை. எப்படிச் சொல்வார்கள்? ஒரே முற்றத்தில் ஐந்து குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. நடுவில் வீட்டுக்காரம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். 'பெரிய இருமல்' என்ற பேச்சு அடிபட்டால் மறுநாளே சட்டிபானை வெளியே வந்துவிடும்.

ஆனால் விருந்தாளி கிளம்பினால் வழியனுப்பப் போக வேண்டும். வாசலோடு நிறுத்தினால் நாயை விரட்டியது மாதிரி. முச்சந்தி வரையாவது கூட நடக்க வேண்டும், மரியாதை கூடக் கூடத் தூரமும் கூடும். அந்த நடையில்தான் வாய் திறக்கும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, காலைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். தக்காளி விலையில் ஆரம்பித்து, மழையைப் பற்றிப் பேசி, "அப்புறம் அக்கா, எங்க வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் இருமுறார்" என்று வந்து நிற்கும்.

ஃபட்சானி அங்கேயே பையிலிருந்து சளி பிடிக்கும் குப்பியை எடுத்துக் கொடுத்துவிடுவாள். பிறகு படிவத்தில், கேள்வி பதினான்குக்கு நேரே, 'ஆம்' என்று போடுவாள். வீட்டுக்குள் கேட்டு வீட்டுக்குள் பதில் வந்தது போல. நடந்த நேரத்துக்குப் படிவத்தில் இடம் கிடையாது. அதனால் 'பயணம்' என்று எழுதினாள்.

இது பொய்யா? பாதிப் பொய். ஆய்வில் பாதிப் பொய் முழுப் பொய்யைவிட மோசம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் மூன்று வருஷமாக 'ஆம்' போட்டாள்.

4

ஜூன் தொடக்கத்தில் அவளுடைய மேலாளர் டாக்டர் லிம்பிகானி கூப்பிட்டுவிட்டார். நல்ல மனுஷர், பதற்றம் வந்தால் பேனா மூடியைக் கடிப்பார். அன்று மூடியே இல்லை.

"ஃபட்சானி, நிதி குடுக்குறவங்ககிட்டேருந்து ஒரு அம்மா வராங்க. அடுத்த மூணு வருஷத்துக்கு நிதி உண்டா இல்லையான்னு அவங்க எழுதுற அறிக்கைதான் சொல்லும். எங்க பாக்கணும்னு கேட்டேன். உங்க பகுதிதான் வேணுமாம்."

"ஏன் டாக்டர் என் பகுதி?"

"நல்ல எண்ணிக்கை. ஆனா ஐம்பத்திரண்டு நிமிஷம் ஏன்னு கேக்குறாங்க. எனக்கும் தெரியல. ஏன்?"

"மேடு ஜாஸ்தி டாக்டர்" என்றாள் ஃபட்சானி.

நிதி நின்றால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. நிதிராண்டே மலையடிக் குடியிருப்பில் அறுநூறு பிள்ளைகள் வாராவாரம் மாத்திரைக்காக அவள் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதி மாத்திரையில் நின்றுபோன ஆய்வு எதையும் நிரூபிக்காது. நிரூபிக்காவிட்டால் அரசாங்கமும் அந்த மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவராது.

அவள் ஒரு முட்டாள்தனமான திட்டம் போட்டாள். திங்களும் செவ்வாயும் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள்: "புதன்கிழமை ஒரு வெள்ளைக்கார அம்மாவைக் கூட்டிட்டு வருவேன். தயவுசெஞ்சு அன்னிக்கு மட்டும் யாரும் எங்கள வழியனுப்ப வராதீங்க. இருபது நிமிஷத்துல கிளம்பணும்."

கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். "கடல் தாண்டி வந்தவங்கள வாசலோட விட்டுடறதா? ஊர் என்ன சொல்லும்?" என்றார்கள். ஆனாலும் ஃபட்சானி கேட்டால் மறுக்க முடியுமா? சரியென்று தலையாட்டினார்கள்.

நேரத்தைக் குறைக்கிற அவசரத்தில், அந்த நடையில்தான் தன் எண்ணிக்கையெல்லாம் இருக்கிறது என்பதை அவள் யோசிக்கவே இல்லை. "எப்படிம்மா மறந்தே?" என்று கேட்டேன். "பயந்தா புத்தி எங்க ஐயா வேலை செய்யும்?" என்றாள்.

5

[ஒரு பாத்திரத்தைப் பற்றிய சந்தேகம்.]

நிதி கொடுப்பவர்கள் அனுப்பிய அம்மாளின் பெயர் கிர்ஸ்தன். முதலில் அவளை நான் இப்படி எழுதினேன்: 'உதடு மெலிந்த, கண்டிப்பான பெண்மணி, கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு—'

ஃபட்சானி அடுத்தமுறை கடைக்கு வந்தபோது இந்த வரியை மட்டும் படித்துக் காட்டினேன். (ஆமாம், எழுதுவதாக அதற்குள் ஒப்புக்கொண்டுவிட்டேன். நன்றாகத் திட்டினாள், பிறகு "எங்க, படிங்க" என்றாள்.)

"அய்யோ, அப்படியெல்லாம் இல்ல ஐயா! சிரிச்ச மூஞ்சி. முழங்கால் வலியோட மேடெல்லாம் ஏறினாங்க. சேறு வழுக்கி உக்காந்துட்டாங்க, உக்காந்த இடத்துலயே சிரிச்சாங்க."

"கதைக்கு ஒரு வில்லன் வேணாமா?"

"அதான் கிருமி இருக்கே. பத்தாதா?"

அதனால் கிர்ஸ்தன் உதடு நிறையச் சிரிக்கிறாள். கைக்கடிகாரத்தை எடுத்துவிட்டேன்.

"அது இருக்கட்டும், இந்த இருமல் எத்தனை நாளா?" என்றாள் ஃபட்சானி, காகிதக்கட்டைப் பையில் அடுக்கிக்கொண்டே.

"டோனர் தூள்மா. இந்தத் தொழில்ல எல்லாருக்கும் வர்றதுதான்."

சிரித்தாள். ஒரு குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "சும்மா கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை.

6

புதன்கிழமை. தூறல். கிர்ஸ்தன், டாக்டர் லிம்பிகானி, ஃபட்சானி மூவரும் நடந்தார்கள்.

முதல் வீடு. கேள்வி பதினான்கு. "இருமலா? இங்கயா? இல்லவே இல்ல." பதினெட்டு நிமிஷம். வாசலில் அந்தக் குடும்பம் கைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு அடி முன்னால் வைக்காமல், வேதனையோடு நின்றது.

இரண்டாம் வீடு. "இல்ல." பதினாறு நிமிஷம். அந்த வீட்டு ஆண் வழக்கப்படி இரண்டு எட்டு வைத்துவிட்டான், மனைவி சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

மூன்றாம் வீட்டில் வீட்டுக்காரம்மா எல்லோருக்கும் சேர்த்து அவளே பதில் சொன்னாள். "என் முற்றத்துல யாருக்கும் ஒண்ணும் கிடையாது." சொல்லி முடிப்பதற்குள் உள்ளறையில் யாரோ குடல் வெளியே வருவது போல இருமினார்கள்.

"அது?" என்றாள் கிர்ஸ்தன்.

"ஆடு" என்றாள் வீட்டுக்காரம்மா, கண் இமைக்காமல்.

டாக்டர் மொழிபெயர்த்தார். கிர்ஸ்தன் நோட்டுப்புத்தகத்தில் 'ஆடு' என்றே எழுதிக்கொண்டாள்.

அங்கிருந்து இறங்கும்போது கிர்ஸ்தன் சிரிக்கவில்லை. "மூன்று வீட்டில் ஒருவர்கூட இல்லை. உங்கள் பதிவேட்டில் இதே மூன்று வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள். அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது?" என்று மெதுவாகத்தான் கேட்டாள்.

டாக்டர் ஃபட்சானியைப் பார்த்தார். கள்ளக்கணக்கு எழுதியிருக்கிறாள் என்ற எண்ணம் அவர் முகத்தில் வந்து போனதை அவள் கண்டாள். அந்த ஒரு நொடி தனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது என்று என்னிடம் சொன்னாள். ஐந்து பேரும் உண்மை. ஐந்து பேரும் மாத்திரை சாப்பிட்டுத் தேறிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அவர்களை எங்கே கண்டுபிடித்தாள் என்று சொன்னால் மூன்று வருஷத்துப் படிவமும் பொய்யாகிவிடும். சொல்லாவிட்டாலும் பொய்யாகிவிடும்.

"இன்னும் ஒரு வீடு இருக்கு" என்றாள்.

நான்காம் வீடு எலுபியுடையது. முப்பது வயது, இரண்டு பிள்ளைகள், விடியற்காலையில் மன்டாசி என்னும் மாவுப் பணியாரம் பொரித்து மினிபஸ் நிறுத்தத்தில் விற்பவள். போன பிப்ரவரியில் அவள் தங்கைக்கு நோய் வந்து தேறியது, அதனால் படிவத்தில் அந்த வீடும் உண்டு. சுடச்சுட மன்டாசி கொடுத்தாள். கிர்ஸ்தன் மூன்று சாப்பிட்டாள். கேள்வி பதினான்கு.

"அடுப்புப் புகைதான் அப்பப்போ தொண்டைல ஏறும். வேற ஒண்ணுமில்ல" என்றாள் எலுபி.

இல்லை. பதினேழு நிமிஷம். எழுந்தார்கள், படலைத் தாண்டினார்கள். எலுபி வாசலில் நின்றாள். கொடுத்த வாக்கு இப்பக்கம் இழுத்தது, கால் அப்பக்கம் இழுத்தது. இருபது அடி போயிருப்பார்கள், பின்னால் தொப்தொப்பென்று ஓட்டம். கையில் மாவு, தலைக்குமேல் கம்பி ஒடிந்த குடை.

"அக்கா, என்னை மன்னிச்சுக்கோ! என்னால முடியல. மூணு மன்டாசி சாப்பிட்டவங்கள எப்படி அக்கா தனியா அனுப்புவேன்?"

குடையைக் கிர்ஸ்தன் தலைமேல் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். "இவர் எங்கே வருகிறார்?" என்று கிர்ஸ்தன் கேட்க, டாக்டர் வழக்கத்தை விளக்கினார். கிர்ஸ்தனுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. முச்சந்தி வந்ததும், "அப்படியானால் இப்போது நான் இவரை வழியனுப்ப வேண்டும், இல்லையா?" என்று எலுபியின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

எலுபி பதறிப்போனாள். விருந்தாளி தன்னை வீடுவரை கொண்டுவந்து விட்டால், மறுபடி அவரை முச்சந்தி வரை கொண்டுபோய் விடாமல் எப்படி இருப்பது? படலைத் தொட்டதும் திரும்பினாள். முச்சந்தியில் கிர்ஸ்தன் திரும்பினாள். எதிர்வீட்டுப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"இவங்க ரெண்டு பேருக்கும் இன்னிக்கு வீடு வாசல் கிடையாதா?" என்றாள் ஒருத்தி.

"வாடகைக்கு ரோட்டையே பிடிச்சுட்டாங்க போல" என்றாள் இன்னொருத்தி.

முழங்கால் வலியோடு கிர்ஸ்தன், மாவுக் கையோடு எலுபி, நடுவில் பாதிக் குடை. டாக்டர் லிம்பிகானி சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு மரத்தடியில் நின்றுவிட்டார்.

மூன்றாவது நடையில், யாரும் எதுவும் கேட்காமல், எலுபி தரையைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நடந்த ஃபட்சானியிடம் சொன்னாள்:

"அக்கா, அது புகை இல்ல. ரெண்டு மாசமாச்சு. போன வாரம் சளியில ரத்தம் வந்துச்சு. வீட்டுக்காரருக்குத் தெரியாது. சின்னவனைப் பக்கத்துல போட்டுத்தான் தூங்குறேன் அக்கா, அதை நினைச்சாதான் பயமா இருக்கு."

ஃபட்சானி பையிலிருந்து குப்பியை எடுத்தாள். எலுபியின் மாவுக் கையில் வைத்தாள்.

கிர்ஸ்தனுக்குச் சிச்சேவா மொழி தெரியாது. குப்பியைத் தெரியும். "நீங்கள் இவரிடம் என்ன கேட்டீர்கள்?" என்றாள்.

"நான் ஒண்ணும் கேக்கல. கூட நடந்தேன்" என்றாள் ஃபட்சானி. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஐம்பத்திரண்டு நிமிஷத்தையும், 'பயணம்' என்று எழுதியதையும், 'ஆம்' என்று போட்டதையும், இன்று யாரும் வரக்கூடாது என்று கெஞ்சியதையும். சொல்லிமுடித்து அழுதுவிட்டாள். அழும்போதும் முச்சந்தி வரை நடக்கத்தான் வேண்டியிருந்தது, ஏனென்றால் எலுபி நிற்கவில்லை.

7

எது உறுதியாகத் தெரியுமோ அதைச் சொல்லிவிடுகிறேன். எலுபியின் குப்பியில் கிருமி இருந்தது. சிகிச்சை ஆரம்பித்தாயிற்று, பிள்ளைகள் இருவருக்கும் தடுப்பு மாத்திரை. மன்டாசி அடுப்பைக் கணவன் பார்த்துக்கொள்கிறான், கல் மாதிரிப் பொரிக்கிறான் என்று நிறுத்தத்தில் எல்லோரும் திட்டுகிறார்கள். மூன்றாம் வீட்டு வீட்டுக்காரம்மா அடுத்த வாரம் ஃபட்சானியை முச்சந்தி வரை வழியனுப்ப வந்து, "அந்த ஆடு என் மருமகன்தான்" என்றாள்.

டாக்டர் ஃபட்சானியை இரண்டு நாள் பேசாமல் தண்டித்தார். மூன்றாம் நாள், "உள்ளதை உள்ளபடி எழுதுவோம். படிவத்துல ஒரு கட்டம் போடுங்க" என்றார். பழைய படிவங்களை எல்லாம் அவளே உட்கார்ந்து, எது வீட்டில், எது வழியில் என்று நினைவிலிருந்து பிரித்துக் குறித்தாள். கிர்ஸ்தன் அறிக்கையை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினாள். அதில் என்ன எழுதியிருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. நிதி உண்டா இல்லையா என்பது இந்த மாதக் கடைசியில் தெரியும்.

நான் சும்மா இருப்பேனா? மூன்று முடிவு எழுதினேன்.

முடிவு அ: நிதி முழுதாக வருகிறது. நடக்கும் நேரமும் ஆய்வில் சேர்கிறது. ஃபட்சானிக்குப் புதுக் காலணி. (மனைவிக்குப் பிடித்தது இது.)

முடிவு ஆ: 'பதிவில் முறைகேடு' என்று நிதி நின்றுபோகிறது. அறுநூறு பிள்ளைகளும்— (மேலே எழுதக் கை வரவில்லை.)

முடிவு இ: நிதி வருகிறது, ஆனால் வீட்டுக்கு இருபது நிமிஷம்தான் என்ற நிபந்தனையோடு. (இதுதான் நடக்கும் என்று என் அனுபவம் சொல்கிறது. அதனாலேயே வெறுப்பாக இருக்கிறது.)

ஃபட்சானி மூன்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். "முடிவை எழுதாதீங்க ஐயா. நடந்ததை நடந்தபடி எழுதாம 'ஆம்'னு போட்ட கை இது. நீங்களும் போடாதீங்க."

அன்று அவள் கிளம்பும்போது வழக்கம்போல மேசைக்குப் பின்னாலிருந்தே கையசைத்தேன்.

8

சரி, நீங்களும் எழுந்துவிட்டீர்கள். கதைதான் முடிந்ததே. ஆனால் உங்களை வாசலோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இருங்கள், கதவை இழுத்துவிட்டு வருகிறேன். மணிக்கூண்டு முனை வரைக்கும் கூட வருகிறேன்.

தூறல் விட்டுவிட்டது, பார்த்தீர்களா? தக்காளி இன்று மலிவு. பார்த்து வாருங்கள், சாக்கடை மேல் போட்ட அந்தப் பலகை ஆடும்.

இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி யாரோடும் நடந்ததில்லை. ஃபட்சானி மூன்று வருஷமாக வருகிறாள், ஒருநாள்கூட முனை வரை போய் விட்டதில்லை. கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்லிக்கொள்வேன். உண்மை அதுவல்ல. அவளோடு நடந்தால் சொல்லிவிடுவேன் என்று பயம்.

அது டோனர் தூள் இல்லை. ஐந்து வாரமாகிறது. சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது, மனைவியிடம் கடை வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இரவில் வியர்வையில் போர்வை நனைகிறது. கதை முழுக்க உங்களிடம் மறைத்துக்கொண்டே வந்தேன். எலுபியைப் பற்றி எழுதும்போது மூன்று தடவை எழுந்துபோய் வாசலில் நின்று இருமிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதையெல்லாம் பக்கத்திலிருந்து அடித்துவிட்டேன். குப்பி இதோ, சட்டைப் பையில் இருக்கிறது. ஏழு நாளாக இருக்கிறது.

முனை வந்துவிட்டது. இத்தோடு நான் திரும்ப வேண்டும், நீங்கள் போக வேண்டும். நிதி வந்ததா என்று தெரிய மாதக் கடைசி வரை நாம் இருவரும் காத்திருக்கத்தான் வேண்டும். அதற்கு என்னிடம் முடிவு இல்லை.

ஆனால் சுகாதார நிலையம் இந்தப் பக்கம்தான், அந்தப் பச்சைக் கதவு. ஃபட்சானி இந்நேரம் அங்கேதான் இருப்பாள், கட்டத்தை நிரப்பிக்கொண்டு. விருந்தாளி திரும்ப வழியனுப்ப வந்தால் மறுக்கக்கூடாது என்பது இங்கே வழக்கம். நானாகக் கேட்பது முறையில்லைதான்.

அது வரைக்கும் கூட வருகிறீர்களா?